மாஸ்க்கா, ஊசியா?

இங்கிலாந்தில் ஐந்து வயதிலிருந்து ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் காரணங்களில் பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருப்பது சொத்தைப் பல். காலையில் வந்து, முழு மயக்கத்தில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, பெரும்பாலும் மாலைக்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ டூட்டிங்கிலோ வாழும் தமிழ்ப் பெற்றோரையும் இது விட்டுவைப்பதில்லை. அன்று காலை வார்டுக்கு வரும் மயக்க மருத்துவர் எடை, ஒவ்வாமை, சளி, கடைசியாகச் சாப்பிட்ட நேரம் எல்லாம் விசாரித்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார்: மாஸ்க் வைத்துத் தூங்க வைக்கலாமா, கையில் ஊசி வழியாகவா?

மாஸ்க் என்றால் அநேகமாக செவோஃப்ளூரேன் என்ற ஆவி. ஊசி என்றால் அநேகமாக புரோபோஃபால் என்ற, பால்போல வெளுத்த திரவம். இரண்டும் ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரத்தில் பிள்ளையைத் தூங்க வைத்துவிடும். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளோ ஏராளம். ஆனாலும் கேள்வி முடிந்தபாடில்லை. காரணம் மருந்துகளைவிட அவற்றை நிறுக்கும் தராசில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒவ்வொரு தலைமுறையும் வெவ்வேறு ஒன்றை அளந்தது: முதலில் சாவை, பிறகு இதயத் துடிப்பை, பிறகு மூச்சை, இப்போது விழித்தெழும் பிள்ளையின் நடத்தையை. இவை எல்லாவற்றிலும் கலந்திருந்தும் மிகத் தாமதமாகவே கணக்கில் வந்த ஒரு பொருள் உண்டு. அது பிள்ளையின் பயம்.

லண்டனின் மயக்க மருந்து வரலாறும் ஒரு பல்லில்தான் தொடங்குகிறது. 1846 டிசம்பர் 19 அன்று கோவர் தெருவில் ஒரு வீட்டில் ஜேம்ஸ் ராபின்சன் என்ற பல் மருத்துவர் ஈதர் கொடுத்து ஓர் இளம்பெண்ணின் பல்லைப் பிடுங்கினார். பாஸ்டனில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதரை மேடையேற்றி இரண்டு மாதமே ஆகியிருந்தது. இரண்டு நாள் கழித்து அதே தெருவிலிருந்த மருத்துவமனையில் ராபர்ட் லிஸ்டன் ஈதரின் துணையோடு ஒருவரின் காலைத் துண்டித்தார். லண்டன் முழுக்க இதே பேச்சு. அப்போது சோஹோவில் ஃப்ரித் தெருவில் குடியிருந்த ஜான் ஸ்நோ என்ற இளம் மருத்துவருக்கு அந்தப் பரபரப்பைக் காட்டிலும் அதிலிருந்த ஒழுங்கின்மை கண்ணில் பட்டது. சிலர் உடனே மயங்கினார்கள், சிலர் மயங்கவே இல்லை. ஏன்?

காலரா எப்படிப் பரவுகிறது என்று பிராட் தெருக் குழாயை வைத்துக் காட்டியவராகத்தான் ஸ்நோவைப் பலருக்கும் தெரியும். பிழைப்புக்கு அவர் செய்தது மயக்க மருந்து கொடுக்கும் வேலை. எந்த வெப்பநிலையில் காற்று எவ்வளவு ஈதர் ஆவியை ஏந்தும் என்று 1847 தொடக்கத்திலேயே அட்டவணை போட்டுவிட்டார். அறை குளிர்ந்திருந்தால் ஆவி குறையும், நோயாளி மயங்க மாட்டார். அவ்வளவுதான் மர்மம். ஈதரைச் சுற்றி வெதுவெதுப்பான நீர் இருக்கும்படி ஒரு கருவியும் செய்துகொண்டார். மருந்து எது என்பதோடு, எத்தனை விழுக்காடு என்பதையும் கேட்ட முதல் ஆட்களில் அவர் ஒருவர்.

பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதியது இன்றும் நிற்கிறது. உதட்டுப் பிளவோடு பிறந்த கைக்குழந்தைகள், சிறுநீர்ப்பையில் கல் வந்த சிறுவர்கள் எனப் பலருக்கு அவர் குளோரோஃபார்ம் கொடுத்தார். அவருடைய நோயாளிக் குறிப்பேடுகள் லண்டனில் பாதுகாக்கப்பட்டு, 1994இல் அச்சிலும் வந்தன. பெரியவர்களைவிடப் பிள்ளைகள் சீக்கிரம் மயங்குகிறார்கள், சீக்கிரம் தெளிகிறார்கள், மூச்சும் இரத்த ஓட்டமும் வேகமாக இருப்பதே காரணம் என்று அவர் கணித்தார். நுரையீரலில் எப்போதும் தங்கியிருக்கும் காற்றின் அளவோடு ஒரு நிமிடத்தில் உள்ளே போய்வரும் காற்றை ஒப்பிட்டால், பெரியவர்களுக்கு அது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, கைக்குழந்தைக்கு ஐந்து மடங்கு என்கிறது இன்றைய உடலியல். எனவே ஆவி கடகடவென ஏறிவிடும். அழுகிற பிள்ளை இன்னும் ஆழமாக இழுக்கும், இன்னும் சீக்கிரம் மயங்கும். இதே கணக்கின் மறுபக்கம் கொடியது. எடைக்கு எடை பார்த்தால் குழந்தை பெரியவர்களைப் போல இரண்டு மடங்கு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது, கையிருப்போ குறைவு. மூச்சு நின்றால் மருத்துவருக்குக் கிடைக்கும் அவகாசம் மிகச் சிறியது.

குழந்தைகளுக்கென்றே லண்டனில் கிரேட் ஆர்மண்ட் தெருவில் ஒரு மருத்துவமனை 1852 பிப்ரவரி 14 அன்று பத்துப் படுக்கைகளோடு திறந்தபோது, குளோரோஃபார்ம் பழக்கத்துக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன்மீது விழுந்த முதல் சாவும் அதற்குள் நடந்துவிட்டது. 1848 ஜனவரி 28, நியூகாசிலுக்கு அருகே வின்லேட்டன் என்ற ஊர். ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்குக் கால்விரல் நகத்தை எடுக்க வேண்டியிருந்தது. சில மாதங்களுக்கு முன் ஈதரில் இன்னொரு விரல் நகத்தை எடுத்திருந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. இந்த முறை அவள் முன்கூட்டியே மிகவும் கலங்கிப்போயிருந்தாள். துணியில் ஒரு தேக்கரண்டி குளோரோஃபார்ம். சில நிமிடங்களில் இறந்துவிட்டாள்.

குளோரோஃபார்மை அறிமுகப்படுத்திய எடின்பரோவின் சிம்சன், அவளைத் தெளியவைக்க வாயில் ஊற்றிய பிராந்தியும் தண்ணீரும் மூச்சை அடைத்ததே காரணம் என்றார். செறிவு மிகுந்த ஆவி இதயத்தையே நிறுத்திவிட்டது என்றார் ஸ்நோ. மூச்சா, இதயமா? இந்தச் சண்டை அரை நூற்றாண்டுக்கும் மேல் நீண்டு, ஹைதராபாத் வரை வந்தது. அங்கே நிஜாமின் ஆதரவில் எட்வர்ட் லாரி என்ற மருத்துவர் 1888இலும் 1889இலும் இரண்டு குளோரோஃபார்ம் ஆணையங்களை நடத்தினார். லண்டனின் லான்செட் இதழ் தன் சார்பில் ஒருவரை அனுப்பிவைக்க நிஜாம் 1,000 பவுண்டு கொடுத்தார். செயின்ட் பார்தலோமியூ மருத்துவமனையிலிருந்து லாடர் பிரண்டன் கப்பலேறினார். நூற்றுக்கணக்கான விலங்குகள்மீது சோதனை செய்துவிட்டு ஆணையம் சொன்ன முடிவு: முதலில் நிற்பது மூச்சுதான், மூச்சைக் கவனித்தால் போதும், இதயத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். லண்டன் மருத்துவர்கள் பலர் இதை ஏற்கவில்லை. அவர்கள் மேஜையில் நாடி சட்டென்று நின்றுபோவதை நேரிலேயே பார்த்திருந்தார்கள். சோதனைக்கூடத்து நாய்க்கும் லண்டன் நோயாளிக்கும் இருந்த வேறுபாடு என்னவென்று யாருக்கும் பிடிபடவில்லை.

1911இல் குட்மன் லீவி என்ற லண்டன் மருத்துவர் அதைப் பிடித்தார். பூனைகளுக்கு ஆழமாக குளோரோஃபார்ம் கொடுத்தால் இதயம் தாங்கியது. மேலோட்டமாகக் கொடுத்து, அந்த நேரத்தில் அட்ரினலினை ஏற்றினால், இதயம் ஒழுங்கிழந்து துடிதுடித்து நின்றது. ஆபத்து மயக்கத்தின் ஆழத்தில் இல்லை, தொடக்கத்தில் இருந்தது. அட்ரினலினை யாரும் ஊசியில் ஏற்ற வேண்டியதுமில்லை. பயந்து, திமிறி, அழுகிற பிள்ளையின் உடலே அதைச் சுரந்து தரும். நடுங்கிக்கொண்டிருந்த ஹன்னா கிரீனருக்கு உண்மையில் என்ன நடந்தது என்று இனி யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பயத்தை மனநிலை என்று ஒதுக்கிவைக்க முடியாது, அது மயக்க மருந்தோடு இரத்தத்தில் வினைபுரியும் ஒரு வேதிப்பொருள் என்பது அப்போதே நிறுவப்பட்டுவிட்டது. அதன் பிறகும் ‘இரண்டு பேர் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்று பிள்ளையை அமுக்கி மாஸ்க் வைக்கும் வழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது என்பதுதான் எனக்கு உறைக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியை வேகமாகக் கடந்துவிடலாம். ஈதர் பத்திரமானது, ஆனால் நாற்றம், இருமல், விழித்தபின் வாந்தி. சைக்ளோபுரோப்பேன் இனிய வாசனையுள்ள வாயு, பிள்ளைகள் நொடிகளில் மயங்குவார்கள், ஆனால் ஒரு தீப்பொறி பட்டால் வெடிக்கும். 1934இல் வந்த தயோபென்டோன் ஊசி பெரியவர்களின் உலகத்தை மாற்றியது. பிள்ளைகளின் புஷ்டியான கையில் நரம்பு கிடைத்தால் அவர்களுக்கும் பயன்பட்டது. குழந்தை மயக்கவியலின் பெரிய முன்னேற்றங்கள் அந்தக் காலத்தில் மருந்தில் நிகழவில்லை, குழாயில் நிகழ்ந்தன. நியூகாசிலில் பிலிப் அயர் 1937இல் அண்ணப் பிளவுக் குழந்தைகளுக்காக, மூச்சுக்கு எந்தத் தடையும் தராத ஒரு ‘டி’ வடிவக் குழாயை அமைத்தார். லிவர்பூலின் ஜாக்சன் ரீஸ் 1950இல் அதன் முனையில் ஒரு சிறு பையைச் சேர்த்தார். இன்றைக்கும் சென்னையிலோ லண்டனிலோ குழந்தைக்கு மயக்கம் கொடுக்கும் மருத்துவரின் கையில் அந்தப் பை இருக்கும். மூச்சை விரல்களால் உணர்ந்துகொண்டே இருப்பார்.

பிறகு ஹாலோதேன். ஐ.சி.ஐ. நிறுவனத்தில் சார்லஸ் சக்லிங் 1951இல் உருவாக்கி, மைக்கேல் ஜான்ஸ்டன் மான்செஸ்டரில் 1956இல் நோயாளிகளுக்கு முதலில் கொடுத்தார். தீப்பிடிக்காது, தொண்டையை அரிக்காது, வாசனை இனிக்கும். பிள்ளைகளுக்கென்றே வார்த்தெடுத்ததுபோல இருந்ததால் நாற்பது ஆண்டுகள் கோலோச்சியது. ஆனால் ஹாலோதேனிலும் குளோரோஃபார்மின் ரத்தம் ஓடியது. அளவில் குறைவாக இருந்தாலும் அதுவும் இதயத்தை அட்ரினலினுக்கு மிரளவைத்தது. அது அதிகம் வெளிப்பட்ட இடம் பெரிய மருத்துவமனைகளின் தியேட்டர் அல்ல, தெருமுனைப் பல் மருத்துவரின் நாற்காலி. பிரிட்டனில் ஆண்டுதோறும் ஏராளமான பிள்ளைகள் அந்த நாற்காலியிலேயே மயக்கத்தில் பல் பிடுங்கிக்கொண்டார்கள். பல இடங்களில் இதயத் துடிப்பைக் காட்டும் திரைகூட இல்லை. நல்ல உடல்நலத்தோடு வந்த பிள்ளைகள் சிலர் இறந்தார்கள். லண்டன் கைஸ் மருத்துவமனைப் பேராசிரியர் டேவிட் போஸ்வில்லோ தலைமையிலான குழு 1990இல் கடுமையான பரிந்துரைகளைத் தந்தது. சாவுகள் அதற்குப் பிறகும் நின்றுவிடவில்லை. 2000இல் வெளிவந்த அரசு அறிக்கையைத் தொடர்ந்து, 2001 முடிவோடு பல் மருத்துவரின் நாற்காலியில் தரும் முழு மயக்கம் முடிவுக்கு வந்தது. தீவிர சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையில் மட்டுமே இனி முழு மயக்கம். சொத்தைப் பல் மருத்துவமனைச் சேர்க்கைகளின் முதலிடத்துக்கு வந்ததற்குச் சர்க்கரை ஒரு காரணம் என்றால், இந்த விதி இன்னொன்று.

செவோஃப்ளூரேன் ஜப்பானில் 1990இல் புழக்கத்துக்கு வந்து, தொண்ணூறுகளின் நடுவில் பிரிட்டனை அடைந்தது. அதன் சிறப்பை ஓர் எண்ணில் சொல்லிவிடலாம். இரத்தத்தில் கரையும் திறன் ஹாலோதேனுக்கு ஏறத்தாழ 2.4, செவோஃப்ளூரேனுக்கு 0.7க்கும் குறைவு. ஆவி இரத்தத்தில் எவ்வளவு குறைவாகக் கரைகிறதோ அவ்வளவு வேகமாக மூளையை எட்டும், அவ்வளவு வேகமாக வெளியேறவும் செய்யும். வாசனையும் உறுத்தாது. எனவே முதல் மூச்சிலேயே எட்டு விழுக்காடு வைக்க முடிந்தது. ஹாலோதேனை அரை அரையாக ஏற்றிக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு இது புதிய உலகம்.

இங்கேதான் ஒப்பீட்டு ஆய்வுகள் தங்கள் வலிமையைக் காட்டின. பல் பிடுங்க வந்த 150 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 1999இல் லான்செட்டில் வந்தது. ஹாலோதேன் பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயத் துடிப்பு தாளம் தவறியது. செவோஃப்ளூரேனில் அது அதைவிட வெகு குறைவு. அமெரிக்காவில் குழந்தைகளுக்கு மயக்கத்தின்போது நேரும் இதய நிறுத்தங்களைப் பதிந்துவந்த பதிவேடும் இதையே வேறு வழியில் சொன்னது. 1994 முதல் 1997 வரை நடந்தவற்றில் 37 விழுக்காட்டுக்கு மருந்தே காரணம், அதிலும் பெரும்பாலும் ஹாலோதேன். 1998 முதல் 2004 வரையிலான காலத்தில் அந்தப் பங்கு 18 விழுக்காடாக இறங்கியிருந்தது. இடையில் நடந்த பெரிய மாற்றம் செவோஃப்ளூரேனின் வருகை. பிரிட்டனில் ஹாலோதேன் மெல்ல மறைந்தே போனது. ஒரு மருந்து இன்னொன்றை இவ்வளவு தெளிவாக வென்ற கதை மயக்கவியலில் அரிது.

வென்றதும் தராசு மாறியது. சாவும் துடிப்பும் அரிதாகிவிட்ட இடத்தில், முன்பு யாரும் பொருட்படுத்தாத ஒன்று மேலே வந்தது. செவோஃப்ளூரேனிலிருந்து விழிக்கும் பிள்ளைகளில் ஒரு பகுதி, குறிப்பாக இரண்டிலிருந்து ஐந்து வயதுக்காரர்கள், கண் திறந்தும் தெளியாமல் அலறுகிறார்கள். பெற்ற தாயையே அடையாளம் தெரியாமல் எட்டி உதைக்கிறார்கள், கட்டைப் பிய்க்கிறார்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாகவே தணிந்துவிடும். எத்தனை பேருக்கு வருகிறது என்றால் ஆய்வுக்கு ஆய்வு 10 விழுக்காட்டிலிருந்து 80 வரை சொல்கிறார்கள். இவ்வளவு பரந்த இடைவெளிக்கு ஒரே பொருள்தான்: ஒவ்வொருவரும் வெவ்வேறு ஒன்றை எண்ணியிருக்கிறார்கள். வலியில் அழுவதையும் பசியில் அழுவதையும் இதிலிருந்து பிரித்தறிய ஐந்து கேள்வி கொண்ட ஓர் அளவுகோல் 2004இல்தான் வந்தது. கண்ணுக்குக் கண் பார்க்கிறதா, சுற்றுப்புறம் தெரிகிறதா என்ற வகைக் கேள்விகள் அவை. புரோபோஃபாலில் மயங்கிய பிள்ளைகளுக்கு இது குறைவு என்பதில் இப்போது பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

புரோபோஃபாலும் ஐ.சி.ஐ.யின் பிள்ளைதான். செஷயரில் விலங்கு மருத்துவரான இயன் க்ளென் கண்டெடுத்தது. 1977இல் முதலில் சோதித்த கரைசல் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கியதால் ஒதுக்கிவைக்கப்பட்டது. பிறகு சோயா எண்ணெயும் முட்டைக் கருவின் லெசித்தினும் கலந்த குழம்பாக மாற்றி 1986இல் வெளியிட்டார்கள். வெள்ளை நிறம் அதனால்தான். ஏறும்போது நரம்பு எரியும், அதற்காக லிக்னோகேன் என்ற மரத்துப்போகும் மருந்தைக் கலப்பார்கள். மூச்சைச் சிறிது நேரம் நிறுத்தும், இரத்த அழுத்தத்தை இறக்கும். பச்சிளங் குழந்தைகளுக்கு இந்த இறக்கம் சிறிய விஷயமல்ல. ஆனால் தொண்டையின் அனிச்சைச் செயல்களை நன்றாக அமர்த்தும். வாந்தி குறைவு, விழிப்பு தெளிவு.

தொண்டைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? 33 ஐரோப்பிய நாடுகளில் 261 மருத்துவமனைகளில் நடந்த 31,127 குழந்தை மயக்கங்களைத் தொகுத்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. கடுமையான இடர்கள் 5.2 விழுக்காடு, அவற்றில் முதலிடம் மூச்சு சார்ந்தவற்றுக்கு. அதிலும் பயமுறுத்துவது குரல்வளை இறுகிப் பூட்டிக்கொள்வது. மயக்கத்தின் அரைகுறைக் கட்டத்தில்தான் அது அதிகம் நேரும். மாஸ்க் வழியில் பிள்ளை அந்தக் கட்டத்தை மெதுவாகக் கடக்கிறது, அந்த நேரத்தில் மருந்து செலுத்தக் கையில் ஊசியும் இருக்காது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் சளி, ஆஸ்துமா, வீட்டில் புகைபிடிப்போர் எனக் கூடுதல் ஆபத்துள்ள, எட்டு வயது வரையிலான 300 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து 2018இல் வெளியிட்டார்கள். மூச்சுச் சிக்கல் மாஸ்க் குழுவில் 43 விழுக்காடு, ஊசிக் குழுவில் 26. மயக்கம் தொடங்கும் கட்டத்தை மட்டும் எடுத்தால் வேறுபாடு இன்னும் கூடுதல்: 32க்கு 11.

அப்படியானால் ஊசிதானே? எண்களை மட்டும் பார்த்தால் ஆமாம். மூக்கு ஒழுகும் பிள்ளைக்கு, ஆஸ்துமாக்காரப் பிள்ளைக்கு ஊசியே மேல் என்று நான் துணிந்து சொல்வேன். ஆனால் அந்த எண்கள் ஒன்றை அளக்கவில்லை. ஊசி உள்ளே போகும் வரை பிள்ளையின் நிலைமை என்ன? லண்டன் வார்டுகளில் ‘மேஜிக் கிரீம்’ என்ற பெயரில் பிள்ளைகளுக்குப் பழக்கமான மரத்துப்போகும் களிம்பைப் புறங்கையில் பூசி, மேலே ஒட்டும் பிளாஸ்திரி போட்டு முக்கால் மணி, ஒரு மணி காத்திருப்பார்கள். வலி பெரிதும் போய்விடும். பயம் போகாது. ஊசியின் வலிக்குப் பயப்படாமல் ஊசிக்கே பயப்படும் வயது ஒன்று உண்டு. இரண்டாவது, மூன்றாவது தடவை குத்தியும் நரம்பு கிடைக்காத கை உண்டு. மாஸ்க்குக்கும் அதே கதைதான். போன வருடம் மூக்கில் அமுக்கியதை நினைவில் வைத்திருக்கும் பிள்ளை ரப்பர் வாசனை வந்ததுமே தலையைத் திருப்பிக்கொள்ளும். எந்த மருந்து என்பதைவிட எந்த வழி என்பதும், எந்த வழி என்பதைவிட எந்தப் பிள்ளை என்பதும் முக்கியமாகிவிடுகின்றன.

பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் தியேட்டரை ஒட்டி மயக்கம் கொடுப்பதற்கென்றே ஒரு சிறு அறை இருக்கும். இந்தியாவில் பெரும்பாலும் தியேட்டர் மேஜையிலேயே இது நடந்துவிடுகிறது. பிரிட்டனின் அந்தச் சிறு அறைக்குள் தாயோ தந்தையோ வரலாம், மடியில் வைத்துக்கொள்ளலாம், பிள்ளை மயங்கியதும் வெளியே அனுப்பிவிடுவார்கள். இதனால் பிள்ளையின் பயம் குறையும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜீவ் கெய்ன் தொண்ணூறுகளில் இதைச் சோதித்தபோது, பெற்றோர் உடனிருப்பதால் பொதுவாகப் பலன் தெரியவில்லை. வாய்வழி கொடுத்த மிடசோலாம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்து அதைவிட நன்றாக வேலை செய்தது. 2015இல் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பும் பெற்றோரின் இருப்பு பிள்ளையின் பதற்றத்தைக் குறைப்பதாகக் காணவில்லை. வீடியோ கேம், கோமாளி, சத்தமில்லாத சூழல் போன்றவற்றுக்கே ஓரளவு நம்பிக்கை தரும் சான்று இருந்தது. பதறும் தாய் பிள்ளையின் பதற்றத்தைக் கூட்டுகிறாள் என்பதும் ஒரு விளக்கம். எனக்கு இந்த முடிவு முழுத் திருப்தி தரவில்லை. ஆங்கிலம் புரியாத மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த அறையில் தன் மொழி பேசும் ஒரே ஆள் தாய்தான். எதிர்பார்ப்பது என்னவென்று முன்கூட்டியே விளக்கப்பட்ட தாயையும் விளக்கப்படாத தாயையும் ஒரே பெட்டியில் போட்டு எடுத்த சராசரி அவளைப் பற்றி அதிகம் சொல்லாது. கெய்ன் குழுவினரின் இன்னொரு கண்டுபிடிப்பு இதைவிட முக்கியமானது: மயங்கும் முன் மிகவும் பயந்திருந்த பிள்ளைகளே விழிக்கும்போதும் அதிகம் குழம்பினார்கள், வீட்டுக்குப் போனபின் தூக்கம் கெடுவது, படுக்கையை நனைப்பது போன்றவையும் அவர்களிடமே அதிகம். லீவியின் பூனைகளின் இதயத்தைத் தாக்கிய அதே பயம், இதயத்தை மிரட்டாத மருந்து வந்தபின் இப்போது விழிப்பறையில் தலை காட்டுகிறது.

மருந்துகளை ஒப்பிடும்போது, எங்கே, எவ்வளவு நேரத்துக்கு என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். சில நிமிடங்களுக்கு அருமையான புரோபோஃபாலைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள்கணக்கில் ஓடவிட்டபோது என்ன ஆனது என்பதை 1992இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் பதிவுசெய்தது. மூச்சுக்குழாய்த் தொற்றுக்காகச் செயற்கைச் சுவாசத்தில் இருந்த ஐந்து குழந்தைகள், இரத்தம் அமிலமாகி இதயம் தளர்ந்து இறந்தார்கள். தீவிர சிகிச்சையில் 16 வயதோ அதற்குக் குறைவோ உள்ளவர்களைத் தூக்கத்தில் வைத்திருக்க அந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது இன்று விதி. பல் பிடுங்கும் அரை மணிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றாலும், இணையத்தில் இதைப் படித்துவிட்டு வரும் பெற்றோருக்கு அந்த வேறுபாட்டைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூளை வளர்ச்சி பற்றிய அச்சத்துக்கும் ஒரு பதில் உண்டு. ஏழு நாடுகளில் 722 கைக்குழந்தைகளுக்குக் குடலிறக்க அறுவையின்போது செவோஃப்ளூரேனையும், விழித்த நிலையில் முதுகில் போடும் ஊசியையும் ஒப்பிட்டார்கள். இரண்டு வயதிலும் ஐந்து வயதிலும் அறிவு வளர்ச்சியில் வேறுபாடு இல்லை. ஒரு மணிக்கும் குறைவான மயக்கம், ஒரே ஒரு முறை என்ற எல்லைக்குள் இது ஆறுதலான செய்தி.

மாஸ்க்கா ஊசியா என்று கேட்கும் வசதியே ஓர் ஊரின் செல்வத்தைப் பொறுத்தது. ஆக்சிஜன் குழாயும் மின்சாரமும் இல்லாத இடத்தில் குழந்தைக்கு மயக்கம் கொடுக்க உலகெங்கும் கை கொடுத்தது கெட்டமின். 1962இல் அமெரிக்காவில் உருவானது. தசையில் போட்டாலும் சில நிமிடங்களில் வேலை செய்யும், மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் பெரும்பாலும் தாங்கிப் பிடிக்கும், வலியையும் போக்கும். விழிக்கும்போது வரும் கனவுகளும் காட்சிகளும் அதன் குறை. லண்டனில் அதைக் கெட்ட பெயரோடு இரவு விடுதிகளில் அறிவார்கள். 2009இல், இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தில், வன்னியின் தற்காலிக மருத்துவமனைகளில் மயக்க மருந்துக்கே பெரும் தட்டுப்பாடு நிலவியது ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கையிலேயே பதிவாகியிருக்கிறது. அந்த இடத்தைவிட்டு வந்த குடும்பங்கள் பல லண்டனில் இருக்கின்றன. எந்த மருந்து சிறந்தது என்ற ஆய்வுகளில் ‘எதுவுமே இல்லை’ என்ற குழு சேர்க்கப்படுவதில்லை.

இப்போது தராசில் இன்னொரு படிக்கல் ஏறியிருக்கிறது. மயக்க ஆவிகள் தியேட்டரிலிருந்து நேரே வானத்துக்குப் போகின்றன. டெஸ்ஃப்ளூரேன் என்ற ஆவி கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 2,500 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஸ்காட்லாந்து 2023இலும் இங்கிலாந்து 2024இலும் அதன் வழக்கமான பயன்பாட்டை நிறுத்தின. தொண்டையை உறுத்துவதால் பிள்ளைகளை மயங்கவைக்க அது எப்போதுமே உதவியதில்லை, அந்த வகையில் இழப்பு ஒன்றுமில்லை. நைட்ரஸ் ஆக்சைடு அப்படியல்ல. மாஸ்க்கில் செவோஃப்ளூரேனுக்கு முன்னால் அதைக் கொடுத்துப் பிள்ளையைக் கிறக்கத்துக்குக் கொண்டுவருவது பழைய கைப்பழக்கம். மருத்துவமனைச் சுவர்களுக்குள் ஓடும் அதன் குழாய்களில் பெரும்பகுதி வாயு நோயாளியை எட்டாமலே கசிந்துபோவதாகக் கண்டுபிடித்ததால், குழாய்களை மூடிவிட்டுச் சிறு சிலிண்டர்களுக்கு மாறிவருகிறார்கள். செவோஃப்ளூரேனின் பாதிப்பு டெஸ்ஃப்ளூரேனைவிடப் பல மடங்கு குறைவு, ஆனால் பூஜ்யமல்ல. எனவே ஊசிப் பக்கம் சாயச் சுற்றுச்சூழல் காரணமும் சேர்ந்துகொண்டது.

நடைமுறையில் பல மருத்துவர்கள் வந்து சேர்ந்திருக்கும் இடம், ஒப்பீட்டு ஆய்வுகள் ஒரு கட்டத்துக்குள்ளும் அடைக்காத ஒன்று. மூன்று வயதுப் பிள்ளை தாயின் மடியில் இருக்க மாஸ்க்கில் செவோஃப்ளூரேன் கொடுக்கிறார்கள். கண் சொருகியதும் தாய் வெளியேறுகிறார், தூங்கும் கையில் ஊசி ஏறுகிறது. ஆவியைக் குறைத்துவிட்டு மிச்ச நேரத்தைப் புரோபோஃபாலில் ஓட்டுகிறார்கள். விழித்திருந்த கையில் குத்து விழவில்லை, விழிப்புக் குழப்பமும் குறைகிறது, வானத்துக்குப் போகும் ஆவியும் குறைகிறது. பெர்த் ஆய்வு எச்சரித்த அந்த முதல் ஓரிரு நிமிடம் மட்டும், ஊசி ஏறும் வரை, இந்த முறையிலும் அப்படியேதான் இருக்கிறது. சளியோடு வந்த பிள்ளையை அன்று திருப்பி அனுப்பி இரண்டு மூன்று வாரம் கழித்து வரச்சொல்வது அதற்காகத்தான்.